நிலாவை நேராக்கிய கை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத உட்கார்ந்தால், "என் முழங்காலைக் கேட்டுட்டு எழுதுங்க" என்கிறாள் உன் அக்கா. ஆகவே முழங்கால் நீங்கலாக நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் மூக்குக்கண்ணாடிக் கடையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சரி அத்தான், கடைக்கு ஆள் வந்திருக்காங்க" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் ஆள் போனபிறகு எடுத்துப் படிக்கலாம். முப்பத்தோரு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. போன மாதம் நடந்ததை முதலில் சொல்லிக்கொண்டு வருகிறேன், அது தானாக அங்கே வந்து சேரும். அதுவரை பொறுத்துக்கொள்.

டாக்டர் என்னைத் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து பொது நூலகத்துக்கு இருபது நிமிடம், திரும்பி வர இருபது நிமிடம், நடுவில் பேப்பர் படிக்க ஒரு நாற்காலி என்று நானே திட்டம் போட்டுக்கொண்டேன். போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை போனால், நூலக வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மிக மோசமானது எது? இன்று முடிவு செய்வோம். மாடி அறை. அனைவரும் வரலாம்.' எங்கள் தெருவில் மோசமானவற்றுக்கு என்ன பஞ்சம்? தெருமுனை விளக்கு எரிந்து நான்கு மாதம் ஆகிறது, சாக்கடை மூடி ஒன்று காணாமல் போய் அதன் இடத்தில் யாரோ உடைந்த நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை இருக்கிறது, பேருந்துதான் அங்கே நிற்பதில்லை. கடைசியில் ஒருவழியாக அதிகாரிகள் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்களே என்று மனம் குளிர்ந்து, குறைகளையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மாடி ஏறினேன்.

மேலே பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒரு பழைய டிவியும் அதைவிடப் பழைய வீடியோ பிளேயரும் இருந்தன. சுவரில் கணக்கு எழுத ஒரு கரும்பலகை தொங்கியது. அது இடது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, கோணலாக ஒன்று தொங்கினால் எனக்கு அந்த அறையில் மூச்சு விடுவதே சிரமம். ஆனால் புது இடம், வந்ததும் வராததுமாகச் சுவரைத் தடவினால் நன்றாக இருக்காது என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தலைவியாக இருந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. புதிதாக வந்தவர் முதலில் சொல்லட்டும் என்றார். எழுந்து நின்று, தெருவிளக்குதான் மிக மோசம் என்றேன். எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியார், அது எந்த வருடம் வந்தது, எத்தனை பாகம் என்று கேட்டார். நான்கு மாதமாக வரவே இல்லை என்றேன். "பாதியில நிறுத்தினதா? அதெல்லாம் தனிப் பிரிவு" என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். நான் சாக்கடை மூடிக்கு வரும்போதுதான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று புரிந்தது.

அவர்கள் டிவியில் வந்த விஞ்ஞானக் கதைத் தொடர்களின் ரசிகர்கள். வருடம் முழுக்க மாதம் ஒருமுறை கூடி, இதுவரை வந்தவற்றிலேயே படுமோசமான தொடர் எது என்று வாதாடி, வருடக் கடைசியில் கைதூக்கி முடிவு செய்வது அவர்களுடைய வழக்கம். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். நல்லது எது என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டதற்காக இப்படி உருகுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். உடனே எழுந்து போனால் மரியாதையாக இருக்காது, தவிர மின்விசிறி நேர் மேலே இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு வாத்தியார் 'சனிக்கோளின் மருமகள்' என்ற தொடரின் கட்சி. நானூற்றுப் பன்னிரண்டு பாகமாம். ஒரு விண்கலத்தில் மாமியாரும் மருமகளும் போகிறார்கள், பிராணவாயு அறையின் சாவி மாமியார் இடுப்பில் இருக்கிறது, அதுதான் கதை. யாராவது அதிர்ச்சியான ஒன்றைச் சொன்னால் கலத்திலுள்ள ஒவ்வொரு முகத்தையும் மும்மூன்று தடவை காட்டுவார்களாம். அந்தக் கலத்தில் ஒரு ரோபோவும் உண்டு. அதன் முகம் தகரம். அதையும் மூன்று தடவை காட்டுவார்கள். வாத்தியார் நோட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னார்: முதல் தொண்ணூறு பாகங்களில் அந்தக் கலம் போன தூரம், இந்த நூலகத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் தூரம்கூட இல்லை. பல் டாக்டர் அம்மாவுக்கு 'நாளை மறுநாள்' என்பதன் மேல் ஒரு கண். கதாநாயகன் ஆயிரம் வருடம் தாண்டிப் போய் இறங்குகிறான், அதே தெரு, அதே டீக்கடை, சுவரில் அதே விரிசல். வேறு தெரு போடப் பணமில்லை. "ஆயிரம் வருஷத்துல எதுவுமே மாறலையே" என்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறான். இருபது வருடமாக யாருக்குப் பல் பிடுங்கினாலும் அந்த அழுகைதான் தமக்கு ஞாபகம் வருவதாக அந்த அம்மா சொன்னார். ஆனால் தலைவி ஓட்டுப் போடலாமே தவிர, எந்தத் தொடருக்காகவும் வாதாடக் கூடாதாம், அதனால் பெருமூச்சோடு அதை விட்டுக்கொடுத்துவிட்டார்.

அப்போது மூலையிலிருந்து சலவைக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். அமைதியான மனிதர், சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. துணிப்பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து மேசைமேல் வைத்து, "என் ஓட்டு வழக்கம்போல இரட்டை நிலா நகரத்துக்குத்தான்" என்றார்.

மச்சான், அந்தப் பெயரைக் காதால் கேட்டு முப்பத்தோரு வருடம். நீயும் நானும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. என் பெண் கல்யாணத்தில் யாரோ ஒருவர் பந்தியில் உட்கார்ந்து 'அந்த நிலா, அந்தக் கை' என்று ஆரம்பித்ததும் நீ பாதிச் சாப்பாட்டில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாயே, அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. இன்றுவரை உன் வீட்டில் டிவிப் பெட்டி இல்லை, அதுவும் இதனால்தான் என்று எனக்குத் தெரியும். அதுதான் டிவி நிலையத்தின் முதல் விஞ்ஞானத் தொடர், இருபத்தாறு வயதில் நீ டைரக்டர். உன் அக்காவை நான் கட்டி எட்டு மாதம்கூட ஆகாத சமயம், வேலையில்லாமல் இருந்த என்னைத் தச்சனாக அங்கே சேர்த்துவிட்டதும் நீதான். பதின்மூன்று பாகம் என்று ஆரம்பித்தது ஏழோடு நின்றது. அதற்குப் பிறகு நீ கேமரா பக்கமே திரும்பவில்லை, ஊர் மாறி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துவிட்டாய்.

உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே கேசட் அந்தச் சலவைக்கடைக்காரருடையதுதானாம். அந்தக் காலத்தில் வேறு கேசட் கிடைக்காமல் தம் கல்யாண வீடியோவின் மேலேயே பதிவு செய்துவிட்டார். அதனால் ஏழாம் பாகம் முடிந்ததும் சட்டென்று அவருடைய கல்யாணத்தின் கடைசிப் பத்து நிமிடம் வருகிறது. சங்கத்தில் பாதிப் பேர் அதைத்தான் தொடரின் முடிவு என்று நம்புகிறார்கள். பூமிக்குத் திரும்பிய கதாநாயகன் மீசை வைத்து, இளைத்துப்போய், வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு முழிக்கிறான் என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்கள். அவர் மனைவிக்கு இதில் இன்றுவரை வருத்தம்தான்.

பிறகு குறைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். விண்கலத்தின் கதவை ஏன் ஒரு பாகத்திலும் யாரும் திறக்கவில்லை, எல்லோரும் ஏன் ஜன்னல் வழியாகவே ஏறி இறங்குகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கீலைத் தப்பான பக்கம் அடித்தவன் நான். அதைச் சமாளிக்க நீதான் கேப்டன் வாயில் "இந்தக் கோளில் கதவு வழியாகப் போவது அநாகரிகம்" என்று ஒரு வசனம் வைத்தாய். அந்த வசனத்தை அங்கே பதினொரு பேரும் சேர்ந்து சொன்னார்கள், தேசியகீதம் போல. எனக்குக் கோபம் வரவேண்டும், ஆனால் என் உதடும் அவர்களோடு சேர்ந்து அசைந்தது. அதற்குள் கேசட்டைப் போட்டுவிட்டார்கள்.

ஏழாம் பாகம், பிரிவுக் காட்சி. கதாநாயகி அழுகிறாள், பின்னால் கறுப்புத் துணி வானம், இரண்டு நிலா. வலது நிலா ஒழுங்காக இருக்கிறது. இடது நிலா, நான் பிளைவுட்டில் அறுத்து வெள்ளி வண்ணம் அடித்துச் சணலில் கட்டிய நிலா, மெல்ல மெல்லச் சாய்கிறது. அவள் "நம் வாழ்க்கை இனி" என்று நிறுத்துகிறாள். அப்போது வானத்துக்கு மேலிருந்து ஒரு கை இறங்கி வருகிறது. நிலாவின் விளிம்பைப் பிடிக்கிறது. நேராக்குகிறது. அதோடு போயிருக்கலாம். நிலாவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறது.

தட்டின உடனே பதினொரு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அது அந்தச் சங்கத்தின் வழக்கமாம், எத்தனையாவது தடவை பார்த்தாலும் அந்தக் கைக்கு எழுந்து நிற்க வேண்டும். நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

ஆமாம் மச்சான். எழுதிவிட்டேன். அது என் கைதான். கேமரா ஓடுகிறது என்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். ஓடுகிறது என்று தெரியும், நிலா சாய்கிறது என்றும் தெரியும், ஏணியில் நின்றிருந்தேன், கை போய்விட்டது. ஒரு பலகையைப் பொருத்தினால் நின்றுவிட்டதா என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது என் கைப்பழக்கம், அதுவும் தானாகவே நடந்துவிட்டது. ஒளிபரப்பான மறுநாள் நிலையத் தலைவர் நம் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பதுபோலக் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முறை வருவதற்குள் நான் என் கையைப் பக்கத்திலிருந்த பச்சைப் பெயிண்ட் டப்பாவுக்குள் விட்டுவிட்டேன். தவறி விழுந்ததல்ல, வேண்டுமென்றே விட்டேன். "சீ, தள்ளி நில்லு" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். கடைசியில், யாரென்று சொல்லாவிட்டால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் கத்தியபோது, நீ முன்னால் வந்து நின்று, "என் கைதான் சார்" என்றாய்.

யாருடைய கை என்றே தெரியாமல், இருபது குடும்பத்தின் சாப்பாட்டுக்காக நீ அந்தப் பழியை ஏற்றுக்கொண்டாய். நான் பச்சைப் பெயிண்ட் சொட்டச் சொட்ட நின்றேன். அன்று மாலை சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் சொல்லாததை இரண்டாவது வாரம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது, அப்படியே முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. நீ பார்த்துக் கொடுத்த வேலையில் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்து சாப்பிட்டேன், வேலை கொடுத்த நீ வெளியே போனாய்.

இனி அன்றைய கூட்டத்துக்கு வருகிறேன். அந்தக் கையைப் பற்றி அவர்கள் பேசியதைக் கேட்டிருந்தால் நீ ஆச்சரியப்பட்டிருப்பாய். கணக்கு வாத்தியார் அது அந்தக் கோளைப் படைத்தவனின் கை என்கிறார், நிலா இரண்டு என்பதால் தட்டும் இரண்டாம். பல் டாக்டர் அம்மா, நம்மை யாரோ மேலிருந்து கவனிக்கிறார்கள் என்பதற்கு எச்சரிக்கை என்கிறார். சலவைக்கடைக்காரர் மட்டும் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப எனக்கு வேலை போயிருந்துச்சுங்க. வீட்டுல முகம் குடுத்துப் பேச முடியாம இதைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். சாஞ்சு போனதை ஒரு கை வந்து நிமித்திட்டுப் போகுதேன்னு ஒரு தெம்பு. அப்புறந்தான் கடை போட்டேன்" என்றார். நான் என் கையைத் தொடைக்கு அடியில் இன்னும் நன்றாக அமுக்கிக்கொண்டேன்.

முதல் எண்ணிக்கையில், மிக மோசமானது நம்முடையது என்று ஏழு பேர், மருமகள் என்று நான்கு பேர். பலகையில் சாக்பீஸால் எழுதினார்கள். பலகை இன்னும் கொஞ்சம் இறங்கியது. என்னால் தாங்க முடியவில்லை, பலகையைச் சொல்லவில்லை, உன் தொடரைச் சொல்கிறேன். எழுந்து பேசிவிட்டேன். ஒரு அலமாரி செய்கிற காசில் ஒரு நகரத்தையே செய்தவர்களைப் பார்த்துச் சிரிக்கலாமா, நிலா கோணியதே தவிரக் கதை கோணியதா, அந்தப் பெண் பிரியும்போது நிஜமாகவே அழுதாளே, மருமகள் தொடரில் யாராவது அப்படி அழுதார்களா என்று கேட்டேன். நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கூட்டம் அசந்துவிட்டது. மூன்று பேர் கட்சி மாறினார்கள். நமக்கு நான்கு, மருமகளுக்கு ஏழு. உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

சலவைக்கடைக்காரர் மட்டும் கேசட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன என்று கேட்டேன். அப்போதுதான் அந்தச் சங்கத்தின் விதியே எனக்குத் தெரிந்தது. மிக மோசமானது என்று தேர்ந்தெடுக்கப்படும் தொடரைத்தான் சங்கச் செலவில் சுத்தம் செய்து பிரதி எடுத்துப் பாதுகாப்பார்கள், வருடம் முழுக்கத் திரையிடுவார்கள், எடுத்தவரை அழைத்து மேடையில் உட்காரவைத்து விருது கொடுப்பார்கள். இரண்டாவதாக வருவதற்கு ஒன்றும் கிடையாது. "கேசட்டுல பூஞ்சை ஏறிடுச்சுங்க. அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காது" என்றார். அதாவது, மச்சான், நான் அரை மணி நேரம் நின்று வாதாடி உன் தொடரைக் கொன்றிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உடனே மறுபடி எழுந்தேன். அடுத்த அரை மணியில் உன் மானத்தை நான் கப்பலேற்றியதுபோல உன் விரோதிகூட ஏற்றியிருக்க மாட்டான். மன்னித்துவிடு, எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விண்வெளித் தலைக்கவசம் எல்லாம் மேசை மின்விசிறியின் கூண்டு என்று சொன்னேன். கதாநாயகனின் கதிர்த் துப்பாக்கி ஒப்பனை அறையில் முடி காயவைக்கும் கருவி, அதனால்தான் அவன் சுட்டபோதெல்லாம் எதிரியின் தலைமுடி மட்டும் பறந்தது என்று சொன்னேன். கேப்டன் உட்கார்ந்திருந்தது சலூன் நாற்காலி, தலை வைக்கும் பலகை திடீர் திடீரென்று சரிந்துவிடும், ஆபத்து வரும்போதெல்லாம் அவர் கூரையைப் பார்த்து யோசித்தது அதனால்தான் என்றேன். பல் டாக்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் நோட்டை மூடிவிட்டு, நாற்காலி விஷயத்துக்கு முன்னால் மாமியார் சாவி ஒன்றுமே இல்லை என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டதற்கு, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே வேலை பார்த்தார் என்று மழுப்பிவிட்டேன்.

கைதூக்கச் சொன்னார்கள். புதியவருக்கும் ஓட்டு உண்டு என்றார்கள். நான் இடது கையைத் தூக்கினேன். நமக்கு ஏழு, மருமகளுக்கு ஐந்து. உன் தொடர் மிக மோசமானது என்று முடிவாகிவிட்டது, வாழ்த்துகள். பல் டாக்டர் அம்மா ஏழு என்ற எண்ணைப் பலகையில் எழுதினார். எழுதிய வேகத்தில் பலகை ஒரேயடியாக இறங்கிவிட்டது. எனக்கோ சந்தோஷம், கவனம் போய்விட்டது. எழுந்து போனேன், பலகையின் விளிம்பைப் பிடித்தேன், நேராக்கினேன், இரண்டு தட்டுத் தட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் பதினொரு பேரும் எழுந்து நிற்கிறார்கள். யாரும் கை தட்டவில்லை. சலவைக்கடைக்காரர் கேசட்டைத் திரும்பப் போட்டு, கை வரும் இடத்தில் நிறுத்தினார். டிவியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். "ஐயா, அந்தக் கை உங்களுதா?" என்றார்.

முப்பத்தோரு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. திட்டுவதற்காக அல்ல, கும்பிடுவதற்காகக் கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லைங்க. அது என் மச்சான் கை. அவர்தான் அதை எடுத்த டைரக்டர். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு" என்றேன். பழகிய பொய் பார், நாக்கு தானாக அந்தப் பக்கமே போய்விட்டது. அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு உன் விலாசம் வாங்கினார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திரையிடல். உனக்கு இரண்டு விருது, தொடருக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கைக்கான விருதை மரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு நிலாவும் அதைப் பிடித்த ஒரு கையும். மரவேலை தெரியும் என்று உளறிவிட்டதால் அதைச் செய்யும் பொறுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது. என் கையையே மாதிரிக்கு வைத்துக்கொண்டு, உன் கை என்று செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எனக்குள்ள சிக்கல் இதுதான். அந்தக் கை அவமானமாக இருந்த முப்பத்தோரு வருடமும் அதை உன் தலையில் விட்டுவைத்தேன். இன்றைக்கு அது மரியாதையாக மாறிய பிறகு, அது என் கை என்று மேடையில் ஏறிச் சொன்னால் நான் என்ன மனிதன்? சொல்லாமல் விட்டாலோ, உனக்குச் சம்பந்தமில்லாத விருதை உன் கையில் திணித்து, உன்னை இரண்டாவது தடவையும் பொய் சொல்ல வைப்பேன். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். நீ எது சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். வரவே பிடிக்கவில்லை என்றால் வராதே, உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றாலும் எனக்குப் புரியும். உன் அக்காவோடு மட்டும் பேசாமல் இருந்துவிடாதே. அவளுக்கு இது எதுவும் தெரியாது.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், நல்ல கண்பார்வையோடும், தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடும் தைரியத்தோடும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒட்டுவதற்கு முன்னால் உறையை மேசைமேல் வைத்துவிட்டுக் கோந்து தேடப் போனேன். திரும்பி வந்தால் உன் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்து முடித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "இதைச் சொல்லவா இத்தனை பக்கம்? அவனுக்குத்தான் அப்பவே தெரியுமே" என்றாள். படத்தைத் தொகுக்கும்போதே நீ அந்தக் கையைப் பார்த்துவிட்டாயாம். அதை வெட்டியிருக்கலாமாம். ஆனால் ஏழு பாகத்திலும் அந்த நிலா நேராக இருந்தது அந்த ஒரு காட்சியில்தான், அதனால் மனசு வரவில்லை என்று அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினான். 'அக்கா, அத்தான்கிட்ட சொல்லிடாதே. சொன்னா மனுஷன் அப்புறம் எதையுமே நேராக்க மாட்டாரு'ன்னான்" என்றாள். வெட்டாமல் விட்டது நீ என்பதால்தான் பழியையும் நீயே ஏற்றுக்கொண்டாயாம். என் பெண் கல்யாணத்தில் நீ எழுந்து போனது துக்கத்தில் இல்லையாம், என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் போனாயாம். வீட்டில் டிவி இல்லாதது உன் மனைவியின் தலைவலிக்காகவாம். பச்சைப் பெயிண்ட்டை என் விரலிலிருந்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவள் உன் அக்கா. முப்பத்தோரு வருடம் இருவருமாகச் சேர்ந்து என்னை நன்றாக வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வரவேண்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன்.

அவசியம் வா. உன் விருதை நீ வாங்கிக்கொள், கைக்கானதை நான் வாங்கிக்கொள்கிறேன், நான் செதுக்கியதை நானே வாங்குவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன், இவ்வளவு எழுதிக் கை வலிக்கிறது, வீணாக்க மனமில்லை. தபால்தலையை உன் அக்கா கோணலாக ஒட்டியிருந்தாள், பிரித்து நேராக ஒட்டியிருக்கிறேன். அதன் மேல் கோந்து விரல் பட்ட தடம் இரண்டு இருக்கும். யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அது என் கைதான்.